நாலாவது பந்து: சி.கே. நாயுடுவின் கதை

மே மாத விடுமுறையில் நம் குடியிருப்பிலிருந்து சில குடும்பங்கள் வேன் பிடித்துக் கொடைக்கானல் போய் வந்தோம். படகுத்துறையையும் தூண் பாறையையும் பார்த்து முடித்தபின், மன்னவனூர் சாலையில் இன்னும் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பூம்பாறைக்கும் போனோம். குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டு மலைப்பூண்டு வாங்கப் பெரியவர்கள் எல்லாம் கடைப்பக்கம் ஒதுங்க, பிள்ளைகள் அந்த ஊர்ப் பையன்களோடு சேர்ந்து கிரிக்கெட் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

பூம்பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே சமதளம் என்று ஒன்று கிடையாது. மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காக வெட்டிய தோட்டங்கள்தான். பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். பூண்டு பிடுங்கியபின் சும்மா கிடந்த ஓர் அடுக்குதான் மைதானம். நீளம் உண்டு, அகலம் இல்லை. ஒரு பக்கம் மேல் அடுக்கின் கல் கட்டு, மறு பக்கம் பள்ளம். பந்து கீழே போனால் அவுட். அதோடு விடவில்லை. அடித்தவனே நாலைந்து அடுக்கு இறங்கிப் போய்ப் பந்தை எடுத்து வரவேண்டும்.

நம் பிள்ளைகள் வந்த வேகத்தில் முதல் பந்தையே இழுத்து அடித்தார்கள், இறங்கினார்கள், மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். கொடைக்கானல் உயரத்தில் அது சாதாரண வேலை இல்லை. அப்புறம் பன்னிரண்டு வயது இருக்கக்கூடிய ஊர்ப் பையன் ஒருவன் மட்டையைப் பிடித்தான். மூன்று பந்தை அப்படியே காலடியில் தட்டி வைத்தான். நாலாவது பந்தை எடுத்து, பவுலரின் தலைக்கு மேலே, அடுக்கின் நீளத்தோடு நேராக அடித்தான். பந்து பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது சி.கே. நாயுடு ஞாபகம் வந்தது. வேனில் திரும்பும்போது பிள்ளைகளிடம் பெயரைச் சொன்னேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தோனி தெரியும், ரோஹித் தெரியும். பந்தைத் தூக்கி அடிப்பதை இந்த நாட்டில் ஒரு மரியாதையான கலையாக்கிய மனிதரைத் தெரியவில்லை. அதனால்தான் இந்த இதழில் அவர் கதை.

கோட்டாரி கனகய்யா நாயுடு 1895 அக்டோபர் 31-ஆம் தேதி நாக்பூரில் பிறந்தார். தெலுங்குக் குடும்பம். ஆனால் பிறந்தது, படித்தது, ஆட்டம் பழகியது எல்லாம் நாக்பூரில்தான். பள்ளிக்கூட நாளிலேயே அணிக்குக் கேப்டன்.

அந்தக் காலத்துக் கிரிக்கெட் இன்று நினைத்துப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமானது. பம்பாயில் நடந்த பெரிய போட்டியில் அணிகள் மத வாரியாகப் பிரிந்திருந்தன: இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள். 1916-இல் இந்துக்கள் அணிக்காக ஐரோப்பியர்களை எதிர்த்து நாயுடு முதன்முதலாகக் களமிறங்கினார். 21 வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அணி 79 ரன்னுக்கு 7 விக்கெட் இழந்து தத்தளித்துக்கொண்டிருந்தது. இவர் வந்தது ஒன்பதாவது ஆளாக. எதிரே பந்து வீசியவர் ஃபிராங்க் டாரன்ட் என்ற ஆஸ்திரேலியர், இங்கிலாந்துக் கவுன்டி ஆட்டங்களில் பெயர் எடுத்த கெட்டிக்காரர்.

முதல் மூன்று பந்துகளையும் நாயுடு தடுத்தார். நாலாவதை சிக்ஸர் அடித்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் அவர் எடுத்த முதல் ரன்களே அந்த ஆறுதான்.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் சிக்ஸரோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த மூன்று பந்துகள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஏழு விக்கெட் போயிருக்கிறது, புது இடம், புது ஆள், கைகால் நடுங்கும் நேரம். அந்த நிலையில் ஒருவன் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவதும் உண்டு, பயத்தில் கடைசிவரை தடுத்துக்கொண்டே இருப்பதும் உண்டு. இவர் இரண்டும் செய்யவில்லை. பந்து எங்கே விழுகிறது, விழுந்தபின் எவ்வளவு எழும்புகிறது, பவுலரின் கை என்ன செய்கிறது என்று மூன்று முறை பார்த்தார். பார்த்தது போதும் என்று தோன்றியதும் அடித்தார்.

ஆள் ஆறடிக்கு மேல் உயரம். மெலிந்த, இறுகிய உடம்பு. நிமிர்ந்து நிற்பார், மட்டையை உயரத் தூக்குவார், மணிக்கட்டில் அபார பலம். நீளமான கை என்பதால், மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாமல் பின்வாங்கும் பந்தை இவர் ஓரடி முன்னே வைத்துச் சந்தித்துவிடுவார். பந்து துள்ளி எழுந்து திரும்புவதற்குள் மட்டை அங்கே இருக்கும். அவருடைய புகழ்பெற்ற அடிகளில் பெரும்பாலானவை பவுலர் தலைக்கு மேலே நேராகப் போனவை. நேராக அடிக்கும்போது மட்டையின் முழு முகமும் பந்தின் பாதையிலேயே வருகிறது, கணக்கு கொஞ்சம் பிசகினாலும் பந்து மட்டையில் பட்டுவிடும். குறுக்கே இழுத்து அடிக்கும்போது மட்டையும் பந்தும் ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கின்றன, அந்தப் புள்ளி தப்பினால் ஸ்டம்பு போச்சு. பூம்பாறைப் பையனுக்கு இதைப் பள்ளம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

சென்னைக்கும் அவருக்கும் நல்ல தொடர்பு உண்டு. பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையே நடக்கும் பிரசிடென்சி மேட்ச் அன்று பெரிய திருவிழா. 1920-களின் தொடக்கத்தில் அங்கே ஆட வந்த நாயுடு அடித்த ஒரு பந்து மைதானத்தையே தாண்டி, அதற்கும் ஐம்பது கெஜம் தள்ளி ஒரு தென்னை மரத்தடியில் விழுந்ததாகச் சொல்வார்கள். சேப்பாக்கத்துப் பெரியவர்கள் இரண்டு மூன்று தலைமுறைக்கு அந்தத் தென்னை மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று கேள்வி. மரம் மாறி மாறிக் காட்டியிருக்கலாம், அது வேறு விஷயம்.

1923-இல் இந்தூரின் ஹோல்கர் சமஸ்தானம் அவரை அழைத்துத் தன் படையில் பதவி கொடுத்தது. கர்னல் நாயுடு என்ற பெயர் பின்னாளில் வந்தது அந்த வழியில்தான். சம்பளத்துக்குக் கிரிக்கெட் ஆடுவது என்ற வழி இல்லாத நாட்டில் ஒரு ராஜாவின் தயவு இருந்தால்தான் ஆட்டக்காரன் பிழைக்க முடியும். அந்த நிழலில் நின்றுகொண்டே ராஜாக்களுக்குத் தலைவணங்காத ஒரு முறுக்கு இவருக்கு இருந்தது. அதற்கான விலையையும் பிற்பாடு கொடுத்தார்.

இனி 1926-க்கு வருவோம். ஆர்தர் கில்லிகன் தலைமையில் லண்டன் எம்.சி.சி. அணி இந்தியாவுக்கு வந்தது. மாரிஸ் டேட், ஜார்ஜ் கியரி, எவர்ட் ஆஸ்டில் போன்ற பவுலர்கள் அந்தப் பயணக் குழுவில் இருந்தார்கள். இந்தியர்கள் உள்ளூரில் நன்றாக ஆடுவார்கள், ஆனால் இங்கிலாந்தின் தரத்துக்கு நிற்க மாட்டார்கள் என்ற எண்ணம் அன்று வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் இல்லை, நம்மவர்களுக்கும் இருந்தது.

இந்துக்கள் அணியுடனான ஆட்டம் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில். இந்தியர்கள் உறுப்பினராக முடியாத கிளப் அது. முதலில் ஆடிய எம்.சி.சி. பெரிய ஸ்கோர் எடுத்தது. அவர்களில் கை ஏர்ல் என்ற பலசாலி எட்டு சிக்ஸர்களோடு சதம் அடித்து, கூடியிருந்த கூட்டத்தை வாயடைக்க வைத்துவிட்டார். இதற்கு மேல் என்ன காட்டப்போகிறோம் என்றுதான் டிசம்பர் 1-ஆம் தேதி காலை எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

நாயுடு இறங்கினார். ஆரம்பத்திலேயே ஒரு பந்து ஜிம்கானாவின் கூரைமேல் போய் விழுந்தது. நம்மவர் உள்ளே போக முடியாத கட்டடத்தின் தலையில் நம்மவர் அடித்த பந்து. அப்புறம் அடி நிற்கவில்லை. செய்தி பம்பாய் நகரத்துக்குள் பரவப் பரவ, ஆபீசிலிருந்து ஆட்கள் மைதானத்துக்கு ஓடி வந்ததாகவும், இடம் இல்லாமல் மரங்களிலும் பக்கத்துக் கட்டடங்களின் மாடிகளிலும் தொற்றிக்கொண்டு பார்த்ததாகவும் அன்று இருந்தவர்கள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் 153 ரன். அதில் 13 பவுண்டரி, 11 சிக்ஸர். எம்.சி.சி. அவருக்கு வெள்ளியில் ஒரு மட்டை செய்து பரிசளித்தது.

ஏர்ல் அடித்ததற்கும் நாயுடு அடித்ததற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். ஏர்லுக்கு இழக்க எதுவும் இல்லை, அடித்தால் லாபம், அவுட் ஆனால் அடுத்தவர் வருவார். நாயுடு அவசரப்பட்டு அவுட் ஆகியிருந்தால் அது ஓர் ஆளின் தவறாக மட்டும் போயிருக்காது. இந்தியர்களுக்குப் பொறுமை கிடையாது என்று ஒரு தீர்ப்பாகியிருக்கும். தடுத்துத் தடுத்து நாற்பது ரன் எடுத்திருந்தால், பரவாயில்லை, கௌரவமாக ஆடினார் என்று தட்டிக்கொடுத்திருப்பார்கள். அந்தத் தட்டிக்கொடுப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. அத்தனை பேருடைய மானமும் தன் மட்டையில் தொங்குகிறது என்று தெரிந்த நாளில், அடிக்க வேண்டிய பந்தை அடிக்காமல் விடவில்லை. அதற்கு என்ன நெஞ்சு வேண்டும்!

அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் இதேபோல் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் பேப் ரூத். விளையாட்டு பேஸ்பால். அவரும் 1895-இல் பிறந்தவர், நாயுடுவைவிட எட்டு மாதம் மூத்தவர். அவர் வருவதற்கு முன் பேஸ்பாலில் மட்டையைச் சற்று மேலே தள்ளிப் பிடித்து, ஆள் இல்லாத இடம் பார்த்துப் பந்தைத் தட்டிவிடுவதுதான் நாகரிகமான ஆட்டம். ரூத் மட்டையின் அடி நுனியைப் பிடித்து, முழு உடம்பையும் சுழற்றி, பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். 1920-இல் 54 ஹோம் ரன், 1927-இல் 60, மொத்தம் 714. ரசிகர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்கும் விதமே மாறிப்போனது.

பேஸ்பாலில் அடிப்பதுதான் விளையாட்டுகளிலேயே மிகக் கஷ்டமான வேலை என்று அமெரிக்காவில் வாதிடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பந்து வீசும் இடத்துக்கும் அடிப்பவருக்கும் 18.44 மீட்டர்தான் இடைவெளி. மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்கும் குறைவில் வந்து சேர்ந்துவிடும். அதில் மட்டையைச் சுழற்றுவதற்கான நேரத்தைக் கழித்தால், அடிக்கலாமா விடலாமா என்று முடிவெடுக்கக் கிடைப்பது கண்சிமிட்டும் நேரம். மட்டையோ உருளை, பந்தும் உருண்டை. பின்னால் வந்த டெட் வில்லியம்ஸ் என்ற மேதை, அடிக்கக்கூடிய பரப்பைப் பந்து பந்தாக 77 கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் வரும் பந்தை அடித்தால் தனக்கு எவ்வளவு பலன் என்று ஒரு படமே போட்டுவைத்தார். நல்ல கட்டத்தில் வரும்வரை காத்திரு, வந்தால் விடாதே என்பதுதான் அதன் சாரம். 1941-இல் அவருடைய சராசரி .406. அதாவது பத்து முயற்சியில் நான்கில்தான் வெற்றி, ஆறு தோல்வி. அதற்கே உலகம் இன்றும் வாய் பிளக்கிறது.

பேஸ்பாலில் தவறவிட மூன்று வாய்ப்பு உண்டு. இன்று அவுட் ஆனாலும் அதே ஆட்டத்தில் மறுபடி மறுபடி முறை வரும். ரூத் 1,330 முறை அப்படிப் பந்தைத் தவறவிட்டு வெளியேறியிருக்கிறார். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கிரிக்கெட்டில் ஒரு தப்பு, அவ்வளவுதான், சட்டையை மடித்துக்கொண்டு பெவிலியனில் உட்கார வேண்டியதுதான். அதனால் இங்கே அடிப்பவனுக்கு இரண்டு மனசு வேண்டியிருக்கிறது. ஒன்று காவல்காரன் மனசு, இன்னொன்று கொள்ளைக்காரன் மனசு. இரண்டும் ஒரே ஆளிடம், அரை நொடிக்குள் மாறி மாறி. நாயுடு அடித்துக் கெட்டவர் என்று நினைப்பவர்கள் அவருடைய தடுப்பாட்டத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்கவேண்டும். அது இல்லாமல் 26 முதல்தர சதங்கள் வராது.

கில்லிகன் ஊர் திரும்பும்போது இந்தியக் கிரிக்கெட்டைப் பற்றிய பேச்சு மாறியிருந்தது. 1928-இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தொடங்கியது. 1932-இல் முதல் டெஸ்ட் ஆட இந்திய அணி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது.

அந்தப் பயணத்துக்கு நாயுடு கேப்டன் இல்லை. போர்பந்தர் மகாராஜா கேப்டன், லிம்டி ராஜகுமாரர் துணைக் கேப்டன். ராஜாக்கள் இருக்கும்போது சாதாரண ஆள் எப்படி? போர்பந்தர் மகாராஜாவிடம் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் எண்ணிக்கை, அந்தப் பயணத்தில் அவர் எடுத்த ரன்களைவிட அதிகம் என்று ஒரு கேலி அப்போதே உண்டு. ஆனால் அவர் நல்ல மனிதர். தன் ஆட்டம் தனக்குத் தெரிந்திருந்ததால், டெஸ்டில் ஒதுங்கிக்கொண்டார். துணைக் கேப்டனுக்கு அடிபட்டிருந்தது. அப்படித்தான் தலைமை நாயுடுவிடம் வந்தது. முந்தின ராத்திரி சில ஆட்டக்காரர்கள் நாயுடுவின் கீழ் ஆட மாட்டோம் என்று முரண்டு பிடித்ததாகவும், மேலிடத்து உத்தரவு வந்த பிறகே மைதானத்துக்கு வந்ததாகவும் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1932 ஜூன் 25, லார்ட்ஸ். இந்தியாவின் முதல் டெஸ்ட், முதல் கேப்டன். முகமது நிசாரின் வேகத்தில் இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட். ஒரு கேட்சுக்குப் பாய்ந்து நாயுடுவுக்குக் கையில் அடி. அந்தக் கையோடு ஆடி முதல் இன்னிங்சில் அவர் எடுத்த 40-தான் இந்தியாவின் அதிகபட்சம். 158 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். தோல்விதான். ஆனால் கேவலமான தோல்வி இல்லை.

அந்தக் கோடையில் மற்ற ஆட்டங்களில் நாயுடு செய்ததுதான் ருசி. லார்ட்சிலேயே எம்.சி.சி.க்கு எதிராக 118 நாட் அவுட். பர்மிங்ஹாமில் வார்விக்ஷயருக்கு எதிராக 162. அந்த மைதானத்தை ஒட்டி ரியா என்று ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. அன்று ஆற்றுக்கு இக்கரை ஒரு கவுன்டி, அக்கரை இன்னொரு கவுன்டி. நாயுடு அடித்த ஒரு பந்து ஆற்றைத் தாண்டிவிட்டது. ஒரு மாவட்டத்தில் அடித்து அடுத்த மாவட்டத்தில் விழவைத்த மனிதர் என்று அதற்குப்பின் பேராகிவிட்டது. அந்தப் பயணத்தில் முதல்தர ஆட்டங்களில் மட்டும் 1,618 ரன், மொத்தம் 32 சிக்ஸர். விஸ்டன் ஆண்டுமலர் 1933-இல் அவரை ஆண்டின் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

1934 பிப்ரவரியில் சேப்பாக்கம் தன் முதல் டெஸ்டைப் பார்த்தபோதும் இந்தியக் கேப்டன் அவர்தான், எதிரணிக் கேப்டன் டக்ளஸ் ஜார்டின். அதிலும் தோல்வி. அதற்கப்புறம் ராஜ அரசியல் ஜெயித்தது. 1936 இங்கிலாந்துப் பயணத்துக்கு விஜயநகரம் மகாராஜகுமாரர் கேப்டன், நாயுடு வெறும் ஆட்டக்காரர். அணி இரண்டாகப் பிளந்தது. காலைச் சாப்பாட்டு மேஜையில் நாயுடுவை அவமதித்தால் டெஸ்டில் இடம் கிடைக்கும் என்ற அளவுக்கு விஷயம் போனதாகப் பேசப்பட்டது. நாற்பது வயது மனிதர், நாட்டின் முதல் கேப்டன், அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். ஓவல் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்சில் கப்பி ஆலன் வீசிய வேகப்பந்து நெஞ்சில் பட்டு வலியில் துடித்தார். எழுந்து நின்று 81 அடித்தார். டெஸ்டில் அவருடைய அதிகபட்சம் அது. அதுவே கடைசி டெஸ்டும்.

ஏழு டெஸ்ட், 350 ரன், சராசரி 25. இதை மட்டும் பார்க்கிற இன்றைய பிள்ளைகள் இவ்வளவுதானா என்று கேட்பார்கள். என் பேரனும் கேட்டான். நாட்டுக்கு டெஸ்ட் வந்தபோது அவருக்கு வயது 36 முடிந்து எட்டு மாதம். தன் நல்ல ஆட்டத்தின் பெரும்பகுதியை, டெஸ்ட் என்று ஒன்று நமக்கு வரவேண்டும் என்பதற்காகவே ஆடிச் செலவழித்துவிட்டார்.

கேப்டனாக அவர் இனிமையானவர் இல்லை. இதை மறைக்கத் தேவையில்லை. ராணுவக் கெடுபிடி. நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் பொறுக்க மாட்டார், அடிபட்டால் அதை வெளியே காட்டக்கூடாது என்பது அவர் சட்டம். தனக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்ளவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். 1951-52 ரஞ்சி இறுதி ஆட்டத்தில், 56 வயதில், பம்பாயின் தத்து பட்கர் வீசிய பந்து வாயில் பட்டுப் பல் உடைந்தது. உடைந்த பல்லை ஆடுகளத்திலிருந்து தட்டிவிட்டு, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே போக மறுத்து ஆடினார். வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடாது என்று பட்கருக்கும் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் ஹெல்மெட் கிடையாது. நம் சங்கத்து மருத்துவர்கள் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

அதே முரட்டு மனிதர்தான் இந்தூரில் ஒரு சிறுவனின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவனைக் கூடவே வைத்து வளர்த்தார். அந்தச் சிறுவன் முஷ்டாக் அலி. 1936-இல் மான்செஸ்டரில் 112 அடித்து, வெளிநாட்டில் டெஸ்ட் சதம் எடுத்த முதல் இந்தியரானார். முஷ்டாக்கின் ஆட்டத்தில் துள்ளல் அதிகம், குருவின் இறுக்கம் இல்லை. தன்னைப்போலவே ஆடு என்று குரு கட்டாயப்படுத்தவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

டெஸ்ட் முடிந்தபின்தான் ஹோல்கரின் பொற்காலம். 1944-45 முதல் 1952-53 வரை ஒன்பது ஆண்டுகளில் எட்டு முறை ரஞ்சி இறுதி ஆட்டம், அதில் நான்கு முறை கோப்பை. இந்தூர் என்ற ஒரு சின்ன சமஸ்தானத்து அணி பம்பாய்க்கே சிம்மசொப்பனமாக இருந்தது. 1945-46-இல் பரோடாவுக்கு எதிராக நாயுடு 200 ரன் அடித்தார். முதல்தர ஆட்டத்தில் அவருடைய அதிகபட்ச ஸ்கோர் அது, அடித்தபோது வயது 50. நாமெல்லாம் ஐம்பதில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றால் சங்கச் செயலாளருக்கு போன் போடுகிறோம்.

நடுவில் ஒரு வேடிக்கை. 1941-இல் ஒரு லிவர் டானிக் விளம்பரத்தில் அவர் படம் வந்தது. இந்தியாவில் விளம்பரத்துக்கு முகம் கொடுத்த முதல் கிரிக்கெட் வீரர் என்று அவரைச் சொல்கிறார்கள். இன்று டிவியில் ஆட்டத்தைவிட அதிக நேரம் ஆட்டக்காரர்களின் விளம்பரத்தைப் பார்க்கிறோமே, அந்தக் கணக்கின் முதல் வரி.

1956-இல் பத்மபூஷண். கிரிக்கெட் வீரர் ஒருவருக்கு அந்த விருது அதுவே முதல் முறை. விருது வாங்கியபின் ஓய்வெடுப்பார்கள் இல்லையா? அந்த ஆண்டு சீசனில் அவர் உத்தரப்பிரதேசத்துக்காக ரஞ்சி ஆட்டத்தில் இறங்கி, 61 வயதில், ராஜஸ்தானுக்கு எதிராக 84 ரன் எடுத்தார். பேரன் வயதுப் பவுலர்கள். அதற்குப் பிறகும் 1963-64-இல் நிதி திரட்டுவதற்காக நடந்த ஒரு முதல்தர ஆட்டத்தில், 68 வயதில் மட்டையோடு வந்தார். 1916-இல் டாரன்டின் நாலாவது பந்திலிருந்து எண்ணினால் 47 ஆண்டுகள். 207 முதல்தர ஆட்டங்கள், 11,825 ரன், பந்து வீசி எடுத்த விக்கெட்டுகள் 411. பவுலிங்கைப் பற்றி நான் எழுதவே இல்லை, பாருங்கள்.

1967 நவம்பர் 14-ஆம் தேதி இந்தூரில் காலமானார். 72 வயது நிறைந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவருடைய மகள் சந்திரா நாயுடு பின்னாளில் கிரிக்கெட் வர்ணனையாளரானார். அந்த வேலைக்கு வந்த முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். தம்பி சி.எஸ். நாயுடுவும் இந்தியாவுக்கு ஆடியவர்.

23 வயதுக்குட்பட்டவர்களுக்கு வாரியம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டிக்கு கர்னல் சி.கே. நாயுடு டிராபி என்று பெயர். தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் ஆடுகிறார்கள். பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், மூலையில், சின்ன எழுத்தில் ஸ்கோர் வரும்.

வேனில் இந்தக் கதையில் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் கொடைக்கானல் வந்துவிட்டது. பின்சீட்டில் பிள்ளைகளுக்குள் ஒரு தகராறு. நம் பார்க்கிங்கில் இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே ஆடும்போதும் கண்ணாடியில் பட்டால் அவுட், அடித்தவனே போய் அந்த வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சட்டம் வைக்கலாமா, கூடாதா என்று. இரண்டாவது பாதிக்குத்தான் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. ஊர் வந்து சேரும்வரை முடிவாகவில்லை.